ருத்ரா: சிங்கப்பூரில் பிறந்த ‘வேதிக் மெட்டல்’

சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ருத்ரா’, ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் பாடும் மெட்டல் இசைக்குழு. வேதாந்தக் கருத்துகளை ‘டெத் மெட்டல்’ எனப்படும் கடுமையான ராக் இசையில் தரும் இக்குழு, தன் இசைக்கு ‘வேதிக் மெட்டல்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. 1998 முதல் 2022 வரை ஒன்பது முழுநீள இசைத்தொகுப்புகளை அது வெளியிட்டுள்ளது.

குழுவைத் தொடங்கியவர்கள் இங்குள்ள இந்தியச் சமூகத்தின் இளையர்கள். வெளிநாட்டு மெட்டல் ரசிகர்களிடையே அறிமுகமான இப்பெயர், நம் வீடுகளில் அந்த அளவுக்கு ஒலிப்பதில்லை. திரைப்பாடல், பக்திப் பாடல், கர்நாடக இசை என்று நாம் வழக்கமாகப் பிரித்துவைக்கும் எந்த வகையிலும் ருத்ராவின் இசை அடங்காதது அதற்கு ஒரு காரணம்.

தொடக்கம்

பாடகரும் பேஸ் கிட்டார் வாசிப்பவருமான கதிர், டிரம்ஸ் கலைஞர் ஷிவா, கிட்டார் கலைஞர் பாலா ஆகிய மூவர் முதலில் சேர்ந்தனர். 1996ல் குழு கலைந்தது. பின்னர் மீண்டும் கூடியபோது ஆங்கிலத்தில் பெயரை எழுதும் முறையைச் சற்று மாற்றிக்கொண்டு ‘ருத்ரா’ என்றே தொடர்ந்தது. கிட்டார் கலைஞர்கள் பலமுறை மாறியுள்ளனர். கதிரும் ஷிவாவும் குழுவின் நிலையான இரு தூண்கள்.

பாடல் வரிகளுக்குப் பின்னால் இருக்கும் சிந்தனை பெரும்பாலும் கதிருடையது. கதிரசன் என்ற முழுப்பெயர் கொண்ட இவர், வேதாந்தம் கற்பிப்பவராகவும் அறியப்படுகிறார்.

1990களின் சிங்கப்பூரில் மெட்டல் இசைக்கு ஏற்கெனவே ஒரு சிறு வட்டம் இருந்தது. ‘அபோரர்’, ‘இம்பயட்டி’ போன்ற குழுக்கள் வெளிநாடுகளிலும் பெயர் பெற்றன. மலாய் இளையர்கள் இந்த வட்டத்தில் பெரும் பங்கு வகித்தனர். 1990ல் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் திறக்கப்பட்ட ‘சப்ஸ்டேஷன்’ கலை நிலையம், உள்ளூர் ராக், மெட்டல் குழுக்களுக்கு மேடை தந்த இடங்களில் ஒன்று. கிட்டார் வாங்கவும் பழுதுபார்க்கவும் இளையர்கள் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போவார்கள்.

சாத்தானுக்குப் பதில் உபநிடதம்

மெட்டல் இசையின் கடுமையான பிரிவுகளில் அன்று சமய எதிர்ப்பு வெளிப்படையாக இருந்தது. குறிப்பாக, கிறிஸ்துவ எதிர்ப்பும் சாத்தான் உருவங்களும் பரவலாகக் காணப்பட்டன. ருத்ரா தொடங்கப்பட்ட அதே 1992ல்தான் நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகில் ஃபாந்தோஃப்ட் என்னும் பழைமையான மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. அந்த நாட்டின் ‘பிளாக் மெட்டல்’ இளையர்களுடன் அச்சம்பவம் தொடர்புபடுத்தப்பட்டது.

சிங்கப்பூரில் சமய நல்லிணக்கத்தைப் பேணும் சட்டம் நடப்புக்கு வந்ததும் 1992ல்தான். சமயத்தைத் தாக்கும் மெட்டல் இசை இங்கு இன்றும் சிக்கலைச் சந்திக்கிறது. 2019 மார்ச் மாதம் சுவீடனைச் சேர்ந்த ‘வாட்டெய்ன்’ குழுவின் நிகழ்ச்சி, நடைபெறவிருந்த நாளன்றே ரத்துசெய்யப்பட்டது.

ருத்ரா எடுத்த வழி வேறு. அதே உறுமும் குரல், அதே வேகம். ஆனால் பாடுபொருள் ‘நான் யார்’ என்ற கேள்வி. ஐரோப்பாவில் சில குழுக்கள் தங்கள் முன்னோரின் பழைய தெய்வங்களை நோக்கித் திரும்பின. அங்கு அந்த வழிபாடு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனது. ருத்ரா எடுத்துக்கொண்ட மரபோ, சிராங்கூன் சாலைக் கோயில்களில் இன்றும் நாள்தோறும் புழங்குவது.

இசை அமைப்பு

டெத் மெட்டல் 1980களில் அமெரிக்காவில் உருவானது. ஒலி சிதைக்கப்பட்ட மின்கிட்டார், இரு கால்களாலும் மிதித்து வாசிக்கும் அதிவேக டிரம்ஸ், தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் உறுமல் ஆகியவை அதன் அடையாளங்கள். முதன்முறை கேட்பவருக்குச் சொற்கள் புரியாது. இதில் ராகத்தைவிடத் தாளமும் அழுத்தமும் முக்கியம்.

இந்த அமைப்புக்குள் இந்திய இசையின் சுர வரிசைகளையும் சமஸ்கிருத ஓதுதலையும் ருத்ரா சேர்த்தது. கேட்பதற்குத் தொலைவாகத் தோன்றும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வேதம் ஓதுவதில் உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்னும் மூன்று நிலைகளே அடிப்படை. குறுகிய சுர எல்லைக்குள், அசையின் நீளமும் அழுத்தமும் மாறாமல், பலர் ஒரே குரலாக ஓதுவார்கள். மெட்டல் பாட்டும் குறுகிய சுர எல்லையில் தாளத்தை நம்பி நகர்வது. அதனால் ஓதுதல் இந்தப் பாடல்களில் ஒட்டுப்போட்டதுபோல் நிற்பதில்லை.

குழுவின் பெயரும் இதனுடன் இசைகிறது. வேதத்தில் ருத்ரன் புயலோடு தொடர்புடைய தெய்வம். ‘அலறுபவன்’ என்றும் அச்சொல்லுக்குப் பொருள் கூறுவர். சிவன் கோயில் அபிஷேகங்களில் ஓதப்படும் ஸ்ரீருத்ரம், யஜுர் வேதத்தில் உள்ளது. தமிழ்ச் சைவர்கள் போற்றும் ஐந்தெழுத்து மந்திரத்தை அதில்தான் காண்கிறோம்.

இசைத்தொகுப்புகள்

குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பு 1998ல் வந்தது. 2001ல் ‘தி ஆரியன் குருசேட்’, 2003ல் ‘குருக்ஷேத்ரா’ ஆகியவை வெளியாயின.

இரண்டாம் தொகுப்பின் தலைப்பு தமிழ் வாசகரைச் சற்று நிறுத்தும். ‘ஆர்ய’ என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கு ‘மேன்மையானவர்’ என்று பொருள் உண்டு. ஆனால் திராவிட இயக்கத்தின் நூறாண்டு விவாதத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது வேறு பொருள் தரும். ஹிட்லரின் ஜெர்மனி அச்சொல்லைப் பயன்படுத்திய விதத்தை அறிந்தவருக்கும் அப்படியே. ஒரே சொல் மூன்று இடங்களில் மூன்று வகையாகக் கேட்கிறது. ருத்ரா எங்கிருந்து சொற்களை எடுக்கிறது என்பது தெரியாமல் தலைப்பை மட்டும் பார்ப்பவர் தவறாக எண்ண இடமுண்டு.

குழுவின் முக்கியப் படைப்பாகக் கருதத்தக்கது ‘பிரம்மவித்யா’ முத்தொகுப்பு. ‘பிரைமோர்டியல் ஐ’ 2005லும் ‘டிரான்சென்டென்டல் ஐ’ 2009லும் ‘இம்மார்ட்டல் ஐ’ 2011லும் வந்தன. தலைப்புகளின் இறுதியில் வரும் ‘ஐ’, ரோமானிய எண் ஒன்று அன்று. அது ‘நான்’ என்னும் ஆங்கிலச் சொல். ஆதியான நான், கடந்து நிற்கும் நான், அழியாத நான் என்று மூன்று தலைப்புகளும் ஆன்மாவையே குறிக்கின்றன. ஆறாண்டு இடைவெளியில் ஒரே கருத்தை மூன்று தொகுப்புகளாக வளர்த்தெடுப்பது எந்த இசைக்குழுவுக்கும் எளிதன்று.

2013ல் ‘ரிதா’ வந்தது. உலகின் ஒழுங்கைக் குறிக்கும் வேதச் சொல் அது. 2016ல் இந்திய நிறுவனமான ‘டிரான்சென்டிங் அப்ஸ்கியூரிட்டி’ வெளியிட்ட தொகுப்பு ‘எனிமி ஆஃப் டுவாலிட்டி’. ‘இருமையின் பகைவன்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். இரண்டில்லை என்னும் அத்வைதத்தையே அத்தலைப்பு சுட்டுகிறது. 2022ல் ‘எய்ட் மகாவித்யாஸ்’ வெளியானது.

ஏன் தமிழில் இல்லை?

நம் வாசகர்களுக்கு எழக்கூடிய முதல் கேள்வி இதுதான். தேவாரமும் திருமந்திரமும் கையில் இருக்க, தமிழ் இளையர்கள் ஏன் ஆங்கிலத்தையும் சமஸ்கிருதத்தையும் நாடினார்கள்?

மெட்டல் உலகின் பொதுமொழி ஆங்கிலம் என்பது ஒரு பகுதி விடை. இன்னொரு பகுதி சிங்கப்பூரின் நிலவரத்தில் உள்ளது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவோர் 48.3 விழுக்காட்டினர். தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். பள்ளியில் எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் படித்து, தமிழைத் தாய்மொழிப் பாடமாகக் கற்று, கோயிலில் சமஸ்கிருதம் கேட்டு வளரும் தலைமுறை இது. அந்தத் தலைமுறை தன் மரபைப் பற்றி யோசிக்கும்போது எந்த மொழியில் யோசிக்கிறது என்பதற்கு ருத்ராவின் பாடல்கள் நேர்மையான சான்று. தமிழ் ஆர்வலருக்கு அது வருத்தம் தரலாம். ஆனால் அதைக் கேட்க மறுப்பதால் நிலவரம் மாறிவிடாது.

இந்த அடையாளக் கேள்வியைக் கல்வியுலகமும் கவனித்துள்ளது. தேசியக் கல்விக் கழகத்தின் இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன், வேதிக் மெட்டலையும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தையும் பற்றி எழுதிய கட்டுரை 2009ல் அனைத்துலக ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. ஓர் இசைக்குழுவைப் பற்றிய பேச்சு, சமூகத்தைப் பற்றிய பேச்சாகவும் ஆனது அங்கேதான்.

இதற்கிடையே வேதிக் மெட்டல் சிங்கப்பூரைத் தாண்டியும் ஒலிக்கிறது. நேப்பாளத்தின் ‘டையிங் அவுட் ஃபிளேம்’ குழு 2014ல் சிவனைப் போற்றும் டெத் மெட்டல் தொகுப்பை வெளியிட்டது. சமஸ்கிருத ஓதுதலும் மின்கிட்டாரும் சேர்வது இன்று மெட்டல் ரசிகர்களுக்குப் புதிதன்று. 1992ல் அது புதிது.

புதிதாகக் கேட்க விரும்புவோர் 2005ல் வந்த ‘பிரைமோர்டியல் ஐ’ தொகுப்பிலிருந்து தொடங்கலாம். ஒலியளவைக் குறைத்து, பாடல் வரிகளை முன்னால் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. உறுமலுக்கு நடுவே கோயிலில் கேட்ட சொற்கள் சில காதில் விழும். வீட்டில் மெட்டல் கேட்கும் பிள்ளைகள் இருந்தால், அவர்களுடன் உட்கார்ந்து கேட்கவும் பேசவும் இதைவிடப் பொருத்தமான தொகுப்பு கிடைப்பது அரிது.