ஆகாய விபத்துப் படங்களும் எங்கள் ஹெச்.ஏ.எல். மாமாவும்

முருகேஷ்பாளையத்தில் வளர்ந்தவர்களுக்கு விமானச் சத்தம் கோழி கூவுவது மாதிரி. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய விமானத் தொழிற்சாலையை நம்பிப் பெங்களூர் வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். 1961-இல் முதன்முறை பறந்த மாருத் போர்விமானம் உருவான காலத்தில் என் தாய்மாமா அங்கே பிட்டர்.

சினிமாவென்றால் மாமாவுக்கு உயிர். தமிழ்ப் படத்துக்கு அல்சூர். இங்கிலீஷ் படம் என்றால் பிளாசா, ரெக்ஸ், காலக்ஸி. ஆர்தர் ஹெய்லி 1968-இல் எழுதிய நாவலிலிருந்து 1970-இல் வந்த 'ஏர்போர்ட்' படமும் அதன் மூன்று தொடர்ச்சிகளும் இங்கு வந்தபோது ஒன்றையும் விடவில்லை. கழிப்பறையில் வெடிகுண்டு, நடுவானில் மோதும் சின்ன விமானம், கடலுக்கடியில் போயிங் 747! 'ஏர்போர்ட் 1975'-இல் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் தொங்கி, ஓட்டை விழுந்த விமானியறைக்குள் சார்ல்டன் ஹெஸ்டன் நுழையும்போது தியேட்டரே விசிலடிக்கும். மாமா மட்டும், "ஏண்டா, அந்த வேகத்துல ஒரு ஸ்பேனர்கூடக் கையில நிக்காதே!" என்பார். சொல்லிவிட்டு அடுத்த வாரமும் டிக்கெட் எடுப்பார்.

நிஜம் அவருக்குத் தெரியாததல்ல. முதல் 'ஏர்போர்ட்' வெளியான அதே 1970-இல்தான் மாருத்தின் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் இதே ஊரில் விபத்தில் மாண்டார். அதைப் பற்றி மாமா வீட்டில் பேசியதே இல்லை.

இந்தக் கதைகளின் வேர் 1956-ஆம் வருஷத்துக் கனடா தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் இருக்கிறது. அதுவும் ஹெய்லி எழுதியதுதான். சாப்பாட்டில் விஷமேறி விமானிகள் படுத்துவிட, பயணி ஒருவர் விமானத்தை இறக்குகிறார். அது 1957-இல் 'ஜீரோ ஹவர்' என்று படமானது. அந்தப் படத்தையே கிண்டலாக்கி 1980-இல் 'ஏர்பிளேன்' வந்தது. வசனங்கள் பல அப்படியே! பயமாக எழுதியதை முகம் மாறாமல் சொன்னால் சிரிப்பு வந்துவிடுகிறது.

பிறகு 1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ-320, ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் திடலில் விழுந்து தீப்பிடித்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். குண்டும் இல்லை, புயலும் இல்லை, நல்ல மத்தியானம். இறங்கும் வேகத்தைக் குறிக்கும் குமிழுக்குப் பதிலாக உயரத்தைக் குறிக்கும் குமிழைத் திருப்பியிருக்கலாம் என்றது விசாரணை. எஞ்சின்கள் ஐடிலில் ஓட, விமானம் மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. கடைசி விநாடிகளில் விசையைக் கூட்டினார்கள். எஞ்சின் வேகம் பிடிக்கச் சில விநாடி வேண்டுமே, அது கிடைக்கவில்லை. இதைச் சினிமாவாக எடுத்தால் யார் விசிலடிப்பார்கள்?

அன்று சாயங்காலம் கரும்புகை வந்த திசையையே பார்த்தபடி மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "குமிழ் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்காமே" என்று பின்னாளில் ஒருமுறை சொன்னதோடு சரி.

'ஏர்போர்ட் 79' படத்தில் பறந்த கான்கார்ட் விமானமே 2000 ஜூலை 25-இல் பாரிஸ் அருகே எரிந்து விழுந்து 113 உயிர்களைக் கொண்டுபோனது. செய்தி வந்தபோது மாமா இல்லை. 2008-இல் எங்கள் பழைய விமான நிலையத்துக்குப் பயணி விமானங்கள் வருவதும் நின்றது.

இப்போது பேரனோடு அந்தப் படங்களைப் பார்க்கிறேன். அவன் சிரிக்கிறான், நானும் ரசிக்கிறேன். தரையிறங்கும் காட்சி வந்தால் மட்டும் என் கண் கதாநாயகன் முகத்துக்குப் போவதில்லை. விசைக்கம்பியைப் பிடித்திருக்கும் கையைத்தான் பார்க்கிறது.