வேடியப்பன் ஆன வீரன்: சாமல்பட்டி வட்டாரத்தின் கல்லும் களியும் கூத்தும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டத்தில் உள்ள சாமல்பட்டி, ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் பாதையில் ஒரு சிறு ரயில் நிலையம் என்ற அளவிலேயே வெளியூராருக்கு அறிமுகமானது. நிலவியலாளர்களுக்கோ, பூமிக்கடியில் உருகிக் கிடந்த குழம்பிலிருந்து உறைந்த சுண்ணப் பாறையான கார்பனடைட் காணப்படும் அரிய இடங்களுள் ஒன்றாக அப்பெயர் பழக்கமானது. வானளாவிய கோபுரமோ அரண்மனையோ இல்லாத இத்தகைய ஊர்களின் கலை வரலாற்றைக் கோயில் நகரங்களில் பழகிய கண்ணோடு தேடினால் வெறுங்கையுடனே திரும்ப நேரிடும். இங்கு அந்த வரலாறு வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நடப்பட்ட கற்களிலிருந்து தொடங்குகிறது.

இந்நிலம் என்றும் எல்லை நிலமாகவே இருந்தது. சங்க காலத்தில் தகடூரை ஆண்ட அதியமான்களுக்குப் பின் பல்லவரும் கங்கரும் நுளம்பரும் சோழரும் போசளரும் விசயநகரத்தாரும் மைசூர் அரசரும் மாறி மாறி உரிமை கொண்டாடிய இப்பகுதி, பாராமகால் என்று வழங்கப்பட்டது. 'பாரா' என்பதைப் பன்னிரண்டு எனக் கொண்டு, பன்னிரு கோட்டைகளின் நாடு என்று அப்பெயரை விளக்குவது மரபு. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து இது கும்பினியாரின் கைக்கு மாறியபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் வந்து நிலங்களை அளந்து வரி விதித்தனர். கொடிகள் மாறினாலும் மக்களின் செல்வம் மாறவில்லை. மழையை நம்பிய மேட்டு நிலத்தில் அது மாட்டு மந்தையும் கேழ்வரகும்தான்.

மந்தையைப் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் 'தொறு' என்கின்றன. பகைவர் கவர்ந்து சென்ற தொறுவை மீட்கும் சண்டையில் இறந்தவனுக்கு எடுக்கப்பட்ட கல்லே நடுகல் ஆகும். கல்லைத் தேர்ந்தெடுக்கும் காட்சி, நீராட்டும் நீர்ப்படை, நடுதல், படையலிடும் பெரும்படை என அதற்குரிய சடங்குகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. ஊத்தங்கரைக்குக் கிழக்கே அமைந்த செங்கம் வட்டாரக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியின் பதிப்பில் 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என நூலாக்கியது. அதன் பின்னரே, பல்லவர் காலத்து வட்டெழுத்துகளைத் தாங்கிய இக்கற்கள், அரசரின் பெயரோடு அவருக்குக் கீழிருந்த குறுநிலத் தலைவரின் பெயரையும் சாதாரணச் சேவகனின் பெயரையும் ஒரே பலகையில் பதிந்த ஆவணங்கள் என்பது பரவலாக உணரப்பட்டது. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, தொறு காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்வரைக் கடித்துத் தன் தலைவனருகே நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. ஒரு நாயின் பெயரைப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் காத்துவைத்த சமூகம், நன்றியை எவ்வளவு பெரிதாக மதித்திருக்க வேண்டும்!

இக்கற்களின் சிற்ப இலக்கணம் எளிமையானது. இடப்புறமோ வலப்புறமோ நோக்கிக் கால்களை அகல வைத்து விரையும் வீரன், ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளும் ஏந்தி நிற்க, அவன் உடலிலோ தொடையிலோ அம்புகள் தைத்திருக்கின்றன. காலருகே கெண்டியும் சிமிழும் காட்டப்படுவதுண்டு. புலியோடு பொருது மாண்டவனுக்கு எழுந்த புலிக்குத்திக் கல்லில், பின்னங்கால்களில் எழும் புலியின் மார்பில் ஈட்டி பாய்ந்திருக்கிறது. நுண்வேலைப்பாடு இல்லாத இவ்வுருவங்களில் இருக்கும் வேகம், பெருங்கோயில் தூண்களின் போர்வீரர் பலரிடம் இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

காலப்போக்கில் எழுத்தைப் படிப்போர் இல்லாது போயினர். வீரன் வேடியப்பன் ஆனான். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் பல நடுகற்கள் இப்பெயரிலேயே வணங்கப்படுகின்றன. அவற்றின் முன் மண்குதிரைகள் நிறுத்தப்பட்டுப் பொங்கல் வைக்கப்படுகிறது. எண்ணெயும் மஞ்சளும் படிந்து எழுத்து மறைவதாக ஆய்வாளர் வருந்துவது நியாயமே. ஆயினும், வழிபாடு அற்ற கற்கள் படிக்கல்லாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் போய்விட, தெய்வமான கற்களே தம் இடத்தில் நிலைத்தன என்பதை எண்ணும்போது, அந்த எண்ணெய்ப் பூச்சை மன்னித்துவிடத் தோன்றுகிறது.

மாட்டோடு கொண்ட உறவு தை, மாசி மாதங்களின் எருது விடும் விழாவில் இன்றும் புலப்படுகிறது. கொம்புகளில் தட்டி எனப்படும் அலங்காரச் சட்டம் கட்டப்பட்ட காளைகளைத் தெருவழியே ஓடவிட, இளைஞர்கள் பாய்ந்து அத்தட்டியைப் பறிக்க முயல்வர். இதனைச் சங்ககால ஆநிரைப் போரின் நேரடித் தொடர்ச்சி எனக் கூறச் சான்று போதாது. ஆனால் இரண்டும் ஒரே வகை நிலத்தில் விளைந்தவை.

அந்நிலத்தின் உணவு களி. கொதிக்கும் நீரில் சிறிது அரிசி நொய்யை வேகவிட்டு, அதன்மேல் கேழ்வரகு மாவைக் குவித்து மூடி, மாவு வெந்த பின் பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பால் கட்டியின்றிக் கிளறி, ஈரக் கையால் உருண்டை பிடிப்பர். கொள்ளு, அவரைக்கொட்டை, கீரை ஆகியவற்றின் குழம்பு உடன் வரும். ஓசூர் பக்கத்துக் கன்னடக் குடும்பங்களில் இதே உருண்டை 'முத்தே' ஆகிறது. மொழி எல்லையைச் சுவை பொருட்படுத்துவதில்லை. பூச்சி அரிக்காமல் ஆண்டுக்கணக்கில் இருப்பு வைக்கத்தக்க தானியம் என்பதாலேயே கேழ்வரகு, மழை பொய்க்கும் இம்மேட்டு நிலத்தின் காப்பாக இருந்தது. அந்த இருப்பையும் மீறித் தாக்கியது 1876-78இன் தாது வருடப் பஞ்சம்; இப்பகுதி அன்று அடங்கியிருந்த சேலம் மாவட்டம் அதில் கடுமையாக நலிந்தது. பிற்காலத்தில் பஞ்ச நிவாரணத்தை நோக்கமாகக் கொண்டு 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போடப்பட்ட குறும்பாதை 1941இல் மூடப்பட்டது. மாவட்டத் தலைநகருக்கு இன்றும் ரயில் இல்லாதிருக்க, சாமல்பட்டியின் வழியே வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அறுவடை முடிந்த கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடைபெறும். பகலில் சொற்பொழிவாளர் பாரதக் கதையை விரிக்க, இரவில் கூத்தர்கள் அதையே ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் சேர ஆடிக்காட்டுவர். சாமி அழைக்கும் வேளைகளில், இரு உருளை மேளங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி இடுப்பில் தாங்கிக் குச்சிகளால் அடிக்கும் பம்பை முழங்கும். அர்ச்சுனன் தபசு நாளில் வேடமிட்ட கூத்தர் உயரமாக நட்ட பனைமரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். இறுதி நாளான படுகளத்தில், திறந்த வெளியில் பல முழ நீளத்துக்கு மண்ணால் துரியோதனன் மல்லாந்து கிடக்க, பீமன் அவன் தொடையைப் பிளந்ததும், விரித்த கூந்தலோடு காத்திருந்த திரௌபதி அதை முடிக்கிறாள். அடுத்த கணமே, பகைவனுக்காக ஒப்பாரி எழுகிறது. கூட்டம் கலையும்போது அவ்வுருவத்தின் மண்ணில் ஒரு பிடியை முந்தானையில் முடிந்து கொண்டுபோய்த் தானியம் வைக்கும் இடத்தில் போடுவதும் பல ஊர்களின் வழக்கம்.