பறக்கும் மகிழுந்தும் விமானிகளின் நகைப்பும்

நான் பள்ளியில் பயின்ற நாளில் ‘2000-ஆம் ஆண்டில் உலகம்’ என்னும் தலைப்பில் கட்டுரை வரையச் சொல்வது ஆசிரியர்களின் வழக்கம். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் அக்கட்டுரையில் தவறாமல் ஒரு பறக்கும் மகிழுந்தை ஓட்டினோம். 2000-ஆம் ஆண்டு வந்துபோய்க் கால் நூற்றாண்டும் கடந்துவிட்டது. நம் மகிழுந்து இன்னும் மண்ணில்தான் உருள்கிறது. இக்கனவைக் கண்டு மிகுதியாகச் சிரிப்பவர் யாவர் எனத் தேடின், விமானிகளும் வானூர்தி ஆர்வலருமே முன்னிற்கின்றனர். பறத்தலில் பெருங்காதல் கொண்டோரே பறக்கும் மகிழுந்தை நகையாடுவது முரணாகத் தோன்றலாம். அம்முரணின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகை பிறக்கும் களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தார் தொல்காப்பியர். இவற்றுள் மடன் என்பதற்குக் கேட்டதை ஆராயாது மெய்யெனக் கொள்ளல் என உரை கூறுவர். எள்ளலோ பிறரை எள்ளுவதாகவும் அமையும். தான் எள்ளப்பட்டுத் தானே நகுவதாகவும் அமையும். இப்பாகுபாட்டை நெஞ்சிற் கொண்டு வானூர்தி வரலாற்றினுள் புகுவோம்.

1903 திசம்பர் 17-இல் ரைட் சகோதரர் பறந்தனர். 1906-இல்கூட அமெரிக்காவின் புகழ்பெற்ற அறிவியல் இதழான ‘சயின்டிபிக் அமெரிக்கன்’ அவர்தம் சாதனையை ஐயுற்று எழுதியது. அந்த ஐயம் காணாதாரின் ஐயம். பறக்கும் மகிழுந்தைப் பற்றிய ஐயமோ வேறு வகையினது. அது நாள்தோறும் பறப்போரிடமிருந்து எழுந்தது.

1917-இல் நியூயார்க்கில் நடந்த வானூர்திக் கண்காட்சியில் கிளென் கர்ட்டிஸ் தம் ‘ஆட்டோபிளேனை’க் காட்சிக்கு வைத்தார். மகிழுந்தின் உடலும் மூவடுக்கு இறக்கையும் கொண்ட அவ்வூர்தி சிறு தாவல்களுக்கு மேல் எழவில்லை. 1926-இல் ஹென்றி போர்டு ஒருவர் மட்டும் அமரும் சிறு விமானம் ஒன்றை வெளிப்படுத்தினார். வீட்டுக்கொரு மகிழுந்து தந்தவர் வீட்டுக்கொரு விமானமும் தருவார் என நாடே நம்பியது. 1928 பிப்ரவரியில் அவ்வகை விமானம் ஒன்று புளோரிடாக் கரையையடுத்த கடலில் வீழ, அதனை ஓட்டிய இளம் விமானி ஹாரி புரூக்ஸ் உயிரிழந்தார். போர்டு அம்முயற்சியைக் கைவிட்டார். அவரே 1940-இல், மகிழுந்தும் விமானமும் இணைந்த ஊர்தி ஒருநாள் வந்தே தீரும், நீங்கள் புன்னகைத்தாலும் சரி என்னும் பொருள்படக் கூறியதாகச் சொல்வர். அப்புன்னகையை அவரே எதிர்பார்த்துப் பேசியது கருதத்தக்கது.

அப்புன்னகைக்குக் காரணம் உண்டு. மகிழுந்து நிலத்தைப் பற்றிக்கொண்டு ஓட வேண்டும். விமானமோ நிலத்தை விட்டு எழ வேண்டும். மோதலைத் தாங்கும் பம்பரும் கனத்த சட்டகமும் சாலையில் காப்பு. வானில் அவை சுமை. மகிழுந்தின் சக்கரங்கள் நான்கு மூலைகளில் நிற்பவை. விமானத்தின் முதன்மைச் சக்கரங்களோ, மூக்கை உயர்த்தி எழுவதற்கு வாய்ப்பாக, எடை மையத்தை ஒட்டி அமைபவை. கடைத்தெருவில் நிறுத்திய மகிழுந்தை எவரேனும் இடித்துவிட்டால் முணுமுணுத்தவாறே வீடு திரும்பலாம். அவ்விடி இறக்கையில் பட்டதாயின், அறிந்தோர் சோதித்துப் பார்க்கும்வரை பறத்தல் ஆகாது. ஆகவேதான், பறக்கும் மகிழுந்து என்பது மட்டமான மகிழுந்தும் மட்டமான விமானமும் ஒரே விலையில் கிடைப்பது என்று விமானிகள் நகுவர். அவர்கள் தம்மையும் விடுவதில்லை. வானூர்தித் தொழிலில் சிறு செல்வம் சேர்ப்பது எப்படி என்று வினவி, பெருஞ்செல்வத்தோடு தொடங்குக என விடையிறுப்பது அவர்களிடையே வழங்கும் பழைய வேடிக்கை.

எனினும் கனவின் பின்னே மெய்யான தொல்லை ஒன்று இருந்தது. சிறு விமானத்தில் வந்திறங்குபவர், ஊருக்குப் புறத்தேயுள்ள விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் செல்ல வழியின்றித் தவித்தனர். இதனைத் தீர்க்க ராபர்ட் புல்டன் உருவாக்கிய ‘ஏர்பிபியன்’ 1946-இல் பறந்தது. 1950-இல் அரசின் தகுதிச் சான்றும் பெற்றது. இறக்கைகளையும் வாலையும் விமான நிலையத்தில் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சிய உடலை மகிழுந்தாக ஓட்டிச் செல்லலாம். ஆனால் இறக்கையை எங்கே விட்டோமோ அங்கேயே திரும்ப வேண்டும். இக்குறையைப் போக்க மோல்ட் டெய்லர் தம் ‘ஏரோகாரில்’ இறக்கைகளை மடித்துப் பின்னால் இழுத்துச் செல்லுமாறு அமைத்தார். 1949-இல் பறந்த அதுவும் 1956-இல் சான்று பெற்றது. பெருமளவில் உற்பத்தி செய்ய 500 பேர் முன்பதிவு செய்தல் வேண்டும் என்னும் நிலை வந்தபோது, அதில் பாதியளவினரே கிடைத்தனர்.

இதே தொல்லைக்கு, ஏர்பிபியன் பறந்த அதே 1946-இல், வேறொருவர் எளிய தீர்வு கண்டார். போர்க்காலத்தில் வான்படை அதிகாரியாக இருந்த வாரன் ஏவிஸ், டெட்ராய்ட் நகரையடுத்த வில்லோ ரன் விமான நிலையத்தில் வாடகை மகிழுந்து நிலையம் ஒன்றைத் திறந்தார். மகிழுந்துக்கு இறக்கை கட்ட வேண்டுவதில்லை. விமானம் இறங்குமிடத்தில் மகிழுந்தை நிறுத்தி வைத்தால் போதும் என்பது அவர் கண்ட உண்மை. விமானிகளின் நகைப்பில் பொதிந்துள்ள அறிவும் இதுவே.

1947 நவம்பரில் கலிபோர்னியாவில் ‘கான்வேர்கார்’ என்னும் ஊர்தி எரிபொருள் தீர்ந்து தரையில் வீழ்ந்தது. அதில் மகிழுந்துக்கு ஓர் எரிபொருள்மானி, விமானத்திற்கு ஓர் எரிபொருள்மானி என இரண்டு இருந்தன. விமானி மகிழுந்தின் மானியைப் பார்த்து எரிபொருள் நிறைய உள்ளதென மயங்கினார் என்பர். அவர் சிறு காயங்களோடு தப்பியதால் இன்றும் இந்நிகழ்ச்சியைச் சொல்லிச் சிரிக்க முடிகிறது.

சிரிக்க முடியாத நிகழ்ச்சியும் உண்டு. ஹென்றி ஸ்மோலின்ஸ்கி என்பார் போர்டு நிறுவனத்தின் ‘பின்டோ’ மகிழுந்தோடு செஸ்னா விமானம் ஒன்றன் இறக்கைகளையும் பின்பகுதியையும் இணைத்து ‘மிசார்’ எனப் பெயரிட்டார். 1973 ஆகத்து இறுதியில் நடந்த சோதனையில் வலப்புற இறக்கையைத் தாங்கும் கம்பியின் பொருத்து விட்டுப்போயிற்று. அன்று ஓட்டிய விமானி, திரும்பினால் இறக்கை முறியும் என உணர்ந்து, நேரே ஒரு பீன்ஸ் வயலில் இறக்கினார். ஊர்தி சாலை வழியே ஓட்டி வரப்பட்டது. செப்டம்பர் 11-இல் ஸ்மோலின்ஸ்கியும் அவர்தம் கூட்டாளி ஹெரால்டு பிளேக்கும் அதில் மீண்டும் எழுந்தனர். வலப்புறத் தாங்குகம்பி பிரிந்தது. இருவரும் மாண்டனர். பற்றவைப்பின் குறைபாட்டை விசாரணை சுட்டியது. இரு வாரங்களுக்கு முன்பே அந்த ஊர்தி தன் குறையைத் தானே சொல்லியிருந்தது.

அதன் பின்னும் கனவு ஓயவில்லை. பால் மோலரின் ‘ஸ்கைகார்’ பல்லாண்டு உழைப்பிற்குப் பின் கயிற்றால் பிணிக்கப்பட்ட நிலையில் சிறிது மிதந்தது. முதலீட்டாளரிடம் மிகைப்படக் கூறியதாக 2003-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் தொடுத்த வழக்கில் அவர் 50,000 டாலர் செலுத்த நேர்ந்தது. மடன் என்பதன் பொருள் ஈண்டு விளங்கும். மறுபுறம், சுலோவாக்கியாவின் ஸ்டெபான் கிளைன் உருவாக்கிய ‘ஏர்கார்’ 2021 சூன் 28-இல் நித்ராவிலிருந்து பிராத்திஸ்லாவாவிற்கு 35 நிமிடங்களில் பறந்தது. 70 மணி நேரச் சோதனைப் பறப்பிற்குப் பின் 2022-இல் தகுதிச் சான்று பெற்றது. பறந்ததைப் பறந்ததெனப் பாராட்டிய ஆர்வலர், அதற்கும் ஓடுபாதையும் விமானி உரிமமும் வேண்டுமே என நகைக்கவும் தவறவில்லை.

எனவே இந்நகை கனவுக்குப் பகையன்று. இறக்கையை எங்கே வைப்பது, மானி எது, பற்றவைப்பு உறுதியா என வினவும் நகை இது. அவ்வினாக்களுக்கு விடை தேடிய புல்டனும் டெய்லரும் கிளைனும் சான்று பெற்றனர். விடை கிட்டுமுன் எழுந்தோர் வீழ்ந்தனர்.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் கவிதை படிக்கப்படும்போதெல்லாம் அவையில் எங்கோ ஒரு மெல்லிய சிரிப்பு எழுவதைக் கேட்டிருக்கிறோம். படித்த கவிஞருக்கு அது சுட்டிருக்கும், எனக்கும் சுட்டதுண்டு. வீடு திரும்பி அவ்வரியைத் திருப்பிப் பார்த்தபோது, பெரும்பாலும் அங்கே ஒரு பற்றவைப்பு விட்டிருந்தது. சிரித்தவரும் கவிஞரே; அவ்வரி எழ வேண்டுமென என்னைப் போலவே விரும்பியவரே.