அல்லிராணிக் கோட்டையும் நானாவின் லெப்டொப்பும்

எங்கள் வீட்டில் இரண்டு கிழமையாக ஒரே கதைதான். நானா ஒரு லெப்டொப் வாங்கவேணுமாம். இருக்கிற லெப்டொப் வேலை செய்யுது. ஆனால் கறுப்பு, தடிப்பு, ஒரு மூலை வெடிச்சது. கடைக்காரர், ஹோட்டல்காரர் முன்னால் அதைத் திறந்து வைச்சு 'உங்கட கடைக்கு இப்பிடித்தான் டிசைன் செய்வன்' எண்டு காட்ட வெக்கமா இருக்கு என்கிறான். மெல்லிசான, வெள்ளி நிறத்தில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். அதற்குக் காசு, உம்மாவின் காப்பை அடகு வைத்துத்தான் வரவேணும். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழும்பி வெளியே போய்விட்டார்.

வரலாறு படிக்கிறவள் என்பதால் 'நீ என்ன சொல்றா?' என்று என்னிடமும் கேட்டான். எனக்கு உடனே ஞாபகம் வந்தது அரிப்பு.

தாராபுரத்தில் இருந்து மன்னார் ரவுனுக்கு வந்து, பாலம் கடந்து, கரையோரமாகத் தெற்கே சிலாவத்துறைப் பக்கம் போனால் அரிப்பு. அங்கே கடல் அரித்த மேட்டில் ஒரு இடிந்த கட்டடம் நிற்கிறது. ஊர்ச்சனம் அதை அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும். அல்லிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கிலீசு ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தனக்கெனக் கட்டிய மாளிகை அது. கிரேக்கக் கோயில்களில் வருகிற டோரிக் பாணித் தூண்கள் வைத்ததால் 'தி டோரிக்' என்று பெயர். செங்கல்லின் மேல் சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைப் பூசி, பளிங்கு மாதிரி மினுக்கியிருந்தார்கள். அந்த நாளில் கொழும்பில் பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் கோர்டினர், தீவிலேயே அழகான கட்டடம் இதுதான் என்ற அளவுக்குப் புகழ்ந்து எழுதினார். சுற்றிவர ஓலைக் கொட்டிலும் மணலும். அதற்கு நடுவில் வெள்ளை மாளிகை! இதைவிட ஸ்டைலான ஒரு 'ஒபிஸ்' எங்கள் கரையில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அரசாங்கம் விற்றது முத்தை இல்லை. திறக்காத சிப்பியை. ஆயிரம் ஆயிரமாகக் குவித்து ஏலம் போடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. நாகபட்டினம், கீழக்கரை, பம்பாய் என்று எங்கெங்கோ இருந்து வந்த வியாபாரிகள் அந்தக் குவியலுக்குக் காசு கட்டவேணும். இப்படி ஒரு பொருளை விற்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

அந்த நம்பிக்கை மாளிகைத் தூணால் வரவில்லை. குளிப்பு தொடங்குவதற்கு முன்பே பாரில் இருந்து சில ஆயிரம் சிப்பியை மாதிரிக்கு எடுத்து, அழுக வைத்து, கழுவி, கிடைத்த முத்தை அனுபவப்பட்ட வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் முத்து என்று அந்தக் கணக்கைப் பகிரங்கமாக அறிவிப்பார்கள். அதைப் பார்த்துத்தான் தோணியும் காசும் வரும். மாதிரி மோசமென்றால் ஆளுநர் பட்டுச் சட்டையோடு நின்றாலும் ஒருத்தரும் வரமாட்டார்.

வியாபாரியின் கருவியையும் பார்க்கவேணும். இது எனக்கு மிகவும் பிடித்த இடம். முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடை. முதலாவதில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று போய்க் கடைசியில் 1000 துளை. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கலாம். துளை கூடக்கூட அது சின்னதாகும், எந்தச் சல்லடையில் முத்துத் தங்குகிறதோ அதை வைத்து அதன் இனம். பிறகு உருட்சி, நிறம், ஒளி பார்ப்பது. எல்லாவற்றிலும் தேறியது ஆணிமுத்து. அந்தப் பித்தளை பளபளவென்று இருந்திருக்கும், பார்க்க வடிவாகவும் இருந்திருக்கும். ஆனால் வாங்குகிறவன் பார்த்தது துளை சரியா என்பதைத்தான்.

பேரம் இன்னும் விசேஷம். இரண்டு பேரும் ஒரு துணிக்குக் கீழே கையைக் கோத்து, விரலையும் விரல் மூட்டையும் அமுக்கி விலை சொல்வார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முகத்திலும் ஒன்றும் காட்டக்கூடாது. பிரசென்டேஷன் என்று நாங்கள் இன்றைக்குச் சொல்வதற்கு இது நேர் எதிர். காட்டாமல் இருப்பதுதான் திறமை.

இதை நானாவிடம் சொன்னேன். 'அப்ப ஆளுக்குத் தோற்றமே தேவையில்லையா?' என்று திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்வி. நான் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லித் தப்பப் பார்த்தேன்.

1498இல் வாஸ்கோட காமா கள்ளிக்கோட்டை சாமூதிரிக்குக் கொண்டுபோன பரிசு: கோடு போட்ட துணி, தொப்பி, கைகழுவும் பாத்திரம், சீனி, எண்ணெய், தேன். அரண்மனை ஆட்கள் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். மக்காவில் இருந்து வருகிற ஏழை வியாபாரிகூட இதைவிடக் கூடக் கொண்டுவருவான் என்றார்களாம். செங்கடல் வரைக்கும் வியாபாரம் செய்த துறைமுகத்துக்கு முன்னால் கறள் பிடித்த லெப்டொப்பைத் திறந்த கதை. 1502இல் திரும்பி வந்தபோது காமா பரிசை நம்பவில்லை, பீரங்கியை நம்பினான். ஆகவே தோற்றம் எடுபடும். அதுவும் உன்னை ஒருத்தருக்கும் தெரியாத முதல் நாளில் நிறையவே எடுபடும்.

ஆனால் மினுக்கத்துக்கு மயங்கியவர்கள் கதையும் எங்கள் கரையிலேயே இருக்கிறது. 1905 குளிப்பில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் வந்தது. அந்த இலக்கத்தைவிட அழகான ஸ்லைட் யார் காட்டமுடியும்? அடுத்த வருசமே லண்டன் முதலாளிகளின் கம்பனி ஒன்று வருசத்துக்கு 310,000 ரூபாய்ப்படி 20 வருசத்துக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907 வரைக்கும் குளித்தார்கள். அதற்குப் பிறகு பாரில் சிப்பி இல்லை, கம்பனியும் கலைந்தது. முத்துச்சிப்பி இப்படித்தான், சில வருசம் கொட்டும், பிறகு வருசக்கணக்கில் காணாமல் போகும். மரிச்சுக்கட்டியிலும் சிலாவத்துறையிலும் தலைமுறை தலைமுறையாகக் குளிப்பைப் பார்த்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இதற்கு மேல் எனக்குச் சொல்ல இருந்தது புத்தகத்தில் இல்லை. 1990 ஒக்டோபரில் எங்கள் ஊரையே வெளியேற்றினார்கள். வாப்பாவுக்கு அப்போது பதினாறு வயது. புத்தளத்தில் அப்பா மறுபடி வியாபாரம் தொடங்கியபோது காட்ட ஒன்றும் இருக்கவில்லை. கடையில்லை, தராசில்லை, மாற்றுச் சட்டையில்லை. கற்பிட்டியில் ஒருவர் ஒரு மூடை கருவாட்டைக் கடனுக்குக் கொடுத்தார். ஏனென்று வாப்பா கேட்டதற்கு, 'மன்னார்ல இவர் நிறுத்துத் தாறது எப்பவும் சரியா இருந்திச்சு' என்றாராம். இதை வாப்பா நானாவிடம் சொல்லவில்லை. காப்பு அடகு என்றதும் ஏன் எழும்பிப் போனார் என்று எனக்கு இப்போது கொஞ்சம் விளங்குகிறது.

நேற்று நானா கறுப்பு லெப்டொப்பின் வெடிச்ச மூலைக்கு டேப் ஒட்டினான். ஹோட்டல்காரரின் பழைய மெனுவை எடுத்து, அவர் கேட்காமலே புதிதாக வடிவமைத்து, கலர் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறான். அப்படியிருந்தும், வெள்ளி நிற லெப்டொப்பின் படத்தை ஃபோனில் இருந்து இன்னும் அழிக்கவில்லை. வியாழக்கிழமை போகிறான்.