இலக்கத் தகட்டில் ஒரு எழுத்து

பழைய கார்ப் பிரியர் ஒருவரிடம் மொறிஸ் மைனர் ஒன்று விலைக்கு வந்திருக்கெண்டு சொல்லிப் பாருங்கோ. என்ஜினைப் பற்றிக் கேட்க முதலே "என்ன நம்பர்?" எண்டுதான் கேட்பார். இங்கிலிஸ் நம்பரா, ஸ்ரீ நம்பரா, டாஷ் நம்பரா? வாகனத்தின் வயதைச் சொல்ல எங்கட நாட்டில் இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைச் சோடி சேர்த்துப் போட்ட ஈஎல், ஈவை, ஈஎன் போன்றவை பழசு. பிறகு இலக்கங்களுக்கு நடுவில் ஸ்ரீ வந்தது. அதற்குப் பிறகு வெறும் இலக்கமும் ஒரு கோடும். 2000இல் இருந்து திரும்பவும் ஆங்கில எழுத்து.

மொறிஸ் மைனரையே எடுப்போம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார். எனக்கு அந்த உருண்டை முகத்தில் ஒரு தனி விருப்பம். முதலில் வந்தவற்றின் முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். 1956இல் மைனர் 1000 வந்தபோது கண்ணாடி ஒரே துண்டானது, என்ஜினும் 803 சிசியில் இருந்து 948 சிசியானது. கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் இங்கே தகட்டின் எழுத்தும் மாறியது. அதனால் பிரிந்த கண்ணாடிக்காரன் பெரும்பாலும் இங்கிலிஸ் நம்பர், முழுக் கண்ணாடிக்காரன் பெரும்பாலும் ஸ்ரீ நம்பர். கார் ரசிகர்கள் இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்லுவார்கள். ஆனால் எழுத்து ஏன் மாறியது எண்ட கதை அவர்களுடைய பேச்சில் வருவதே இல்லை.

1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1957 தொடக்கத்தில் இருந்து புதிதாகப் பதியும் வாகனங்களில் ஆங்கில எழுத்து போய்ச் சிங்கள வரிவடிவில் ஸ்ரீ வந்தது. ஸ்ரீ எங்களுக்குப் புதுச் சொல் இல்லை, பாதிக் கோயில்களின் பெயர்ப்பலகை அதில்தான் தொடங்குது. ஆகவே பிரச்சினை சொல்லில் இல்லை, எழுதிய வடிவத்தில். காரின் நிறம், சீற் உறை எல்லாம் சொந்தக்காரரின் விருப்பம். தகடு மட்டும் அரசாங்கத்தின் இடம். வாகனம் ஓட வேண்டுமெண்டால் அந்த எழுத்தைச் சுமந்தே ஆக வேணும். தமிழரசுக் கட்சி அந்த இடத்தில் தமிழ் ஸ்ரீயை எழுதி ஓடச் சொன்னது. ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் எண்டு இப்ப பரீட்சைக்குப் படிக்கிறது இதைத்தான்.

1957 ஜூலையில் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தோடு விஷயம் தணிந்தது. 1958 ஜனவரி 1இல் பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. அடுத்த சில மாதங்களிலேயே சிங்கள ஸ்ரீ பொறித்த புது பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. ஒரு வீட்டு வாசலில் நிற்கும் கார் வேறு, ஊருக்குள்ளால் ஒவ்வொரு நாளும் வந்துபோற பஸ் வேறு. தார் வாளி வெளியில் வந்தது. பஸ்களில் இருந்த எழுத்தை இங்கே அழித்தார்கள். பதிலுக்குத் தெற்கில் கடைப் பலகைகளில் இருந்த தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9இல், பிக்குகள் வீட்டு வாசலில் வந்து குந்தியிருக்க, பண்டாரநாயக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே கடைசியில் தமிழர்கள் மீது வன்செயல் வெடித்தது.

இந்தக் கதையை "தமிழரசுக் கட்சி தார் பூசினதால ஒப்பந்தம் கிழிஞ்சது" எண்டு முடிக்கிறவர்கள் இருக்கினம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒப்பந்தத்துக்கு எதிரான கூச்சல் அது கையெழுத்தான உடனேயே தெற்கில் தொடங்கிவிட்டது. ஜே. ஆர். ஜெயவர்த்தன கண்டிக்கு ஊர்வலம் புறப்பட்டது 1957 ஒக்ரோபரில், புது பஸ்கள் வர முதலே. அதேநேரம் பஸ்ஸை அனுப்பினவர்களுக்கு விளைவு தெரியாமல் இருந்திருக்குமா? முந்தின வருசமே ஒரு போராட்டம் நடந்த எழுத்து அது. பழைய இலக்கமுள்ள நாலு பஸ்ஸை வடக்குக்கு மாற்றிவிடுவது பெரிய வேலையில்லை.

இப்ப வடக்கிலும் ஸ்ரீ நம்பர் கார் வைத்திருப்பது பெருமை. எழுத்து மங்கினால் சிங்கள ஸ்ரீயின் வளைவு பிசகாமல் திரும்ப எழுதுவிக்கிறார்கள், ஒறிஜினல் கெடக்கூடாதெண்டு. அதை நான் குறை சொல்லமாட்டேன், எனக்கும் அப்படி ஒண்டு கிடைச்சால் விடமாட்டேன். ஆனால் தார் பூசிப் பிறகு சுரண்டின அடையாளம் உள்ள ஒரு தகடு எங்கேயாவது மிஞ்சியிருந்தால், மினுக்கின தகட்டைவிட அதுக்குத்தான் நான் கூட விலை குடுப்பேன்.