வெறுங்கால் ஆண்மை

வங்காளத்துப் படித்த இளைஞன் உடல் வலுவில்லாதவன் என்ற பேச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டிவிட்டது. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் மெக்காலே 1841இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றிய கட்டுரையில் வங்காளிகளைப் பெண்தன்மை கொண்டவர்கள் என்று இகழ்ந்தார். 1857 கிளர்ச்சிக்குப் பின் ராணுவத்துக்கு ஆள் எடுக்க ‘போர்க்குடிகள்’ என்று பிரித்தபோதும் அவர்களுக்கு இடமில்லை. பத்ரலோக் எனப்பட்ட குமாஸ்தா, வக்கீல் குடும்பங்கள் இந்தப் பழியைத் தூக்கியெறியாமல் உண்மையென்று நம்பிக் கூனிக்குறுகியதுதான் விந்தை. அதே மண்ணில் ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்ட படகோட்டிகளும், ஜமீன்தார்களுக்காகக் கம்பு சுழற்றிய லட்டியால்களும் இருந்தார்கள். அவர்கள் வலு யார் கணக்கிலும் சேரவில்லை.

அந்தப் பழியைத் துடைக்க முயற்சிகள் எழுந்தன. 1867இல் தொடங்கிய இந்து மேளா என்ற விழா குஸ்திக்கும் உடற்பயிற்சிக்கும் மேடை தந்தது. 1897இல் சென்னையில் பேசிய விவேகானந்தர், கீதைக்கும் முன்னால் இளைஞர்களுக்குக் கால்பந்து வேண்டும் என்றார். 1900களின் தொடக்கத்தில் கல்கத்தா இளைஞர்கள் கம்பும் வாளும் பழக ஏற்பாடு செய்தவரோ ஒரு பெண், தாகூரின் அக்காள் மகள் சரளா தேவி.

ஆனால் குஸ்தியில் வென்றால் வெள்ளைக்காரன் மதிக்கப்போவதில்லை. அவன் ஆட்டத்தில், அவன் விதிப்படி, அவனையே தோற்கடிக்க வேண்டும். அதற்குக் கால்பந்துதான் வாகாக இருந்தது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கல்கத்தாவின் மோகன் பகான் அணி, ஆங்கிலேய ராணுவத்தின் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை எதிர்கொண்டது. மோகன் பகானின் பதினோரு பேரில் சுதிர் சாட்டர்ஜி ஒருவர் காலில்தான் பூட்ஸ். முதல் கோல் படைப்பிரிவுக்கு. கேப்டன் சிவதாஸ் பாதுரி சமன் செய்ய, முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் அடித்த கோலில் 2-1. கூட்டத்தில் பின்னால் நின்றதால் ஆட்டத்தைப் பார்க்க முடியாதவர்களுக்குப் பட்டம் விட்டுக் கோல் கணக்கைக் காட்டினார்களாம். ஷீல்டை வென்ற முதல் இந்திய அணி இது.

பூட்ஸ் இல்லாதது அதுவரை ஏழ்மை அல்லது பழக்கம். அன்று முதல் அது வீரம். குமாஸ்தா வீட்டுப் பையனுக்கு மைதானத்துச் சேறு பெருமையாயிற்று. அளவுகோல் மட்டும் மாறவில்லை: உடலால் மோதி வெல்பவனே ஆண் என்ற ஆங்கிலேயர் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டுதான் அவர்களை வென்றார்கள்.

1911இல் முஸ்லிம்களும் அந்த வெற்றியைக் கொண்டாடினார்கள். 1934 முதல் 1938 வரை முஸ்லிம்களின் அணியான முகமதன் ஸ்போர்ட்டிங் தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்றபோது நிலைமை வேறு. யாருடைய வீரம் என்ற கேள்வி மத வழியில் பிரிந்திருந்தது. மோகன் பகானுக்கு ஷீல்டு மறுபடி கிடைத்தது 1947இல்.