தில்லை வனமும் அதன்மேல் விழுந்த பழியும்

சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் ஒரு மரத்தால் வாய்த்தது. அந்நகரின் பெருங்கோயிலுக்குத் தல மரமும் அதுவே. ஆயினும் இன்று நகரத் தெருக்களில் தேடினால் தில்லை மரம் கிட்டுவது அரிது. அதனைக் காண விரும்புவோர் கிழக்கே கிள்ளை வழியாகப் பிச்சாவரம் சென்று படகேற வேண்டும். உவர்நீர்க் கரையில் சுரபுன்னையோடும் வெண்கண்டலோடும் அது வளர்ந்து நிற்கிறது. அதன் பால் கண்ணுக்குத் தீங்கானது. கிளையை ஒடிக்காதிருத்தல் நலம்.

1975-இல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படத்தால் இக்காட்டை அறிந்தவர் பலர். கடலூரின் வெள்ளிக் கடற்கரையில் காற்று வாங்கிவிட்டு இங்கு வருவோரும், வேளாங்கண்ணி செல்லும் வழியில் ஒரு மணி நேரம் படகில் திரிவோரும் நம்மவரிலேயே உண்டு. நாமும் அவ்வாறு சென்றவர்களே. அந்த அழகுக்குப் பின்னுள்ள வரலாறுதான் பலரும் கேளாதது.

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை 1690-இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினர். பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவே எல்லை என்பது உடன்பாடு. அவ்வெல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. அங்கு வாழ்ந்தோரை எவரேனும் கேட்டிருப்பரோ!

பிச்சாவரக் காட்டையும் ஆட்சியாளர் தம் அளவுகோலாலேயே அளந்தனர். ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970-களின் தொடக்கம் வரை, காட்டைக் கூறுகளாகப் பிரித்து, முறைவைத்து, ஒவ்வொரு கூறாக முற்றிலும் வெட்டி விற்றனர். நிழல் இழந்த சேற்று நிலம் வெயிலில் காய்ந்து நடுவே தொட்டிபோல் தாழ்ந்தது. ஓதத்தில் ஏறிய நீர் வடியாமல் தேங்கி ஆவியாக, உப்பு மட்டும் மிகுந்தது. அம்மண்ணில் கன்று முளைக்கவில்லை.

பழியோ விறகு பொறுக்கியோர்மேலும் மாடு மேய்த்தோர்மேலும் விழுந்தது. எளியோர்மீது குற்றஞ்சாட்ட எப்போதும் சான்று வேண்டியதில்லை போலும். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்த பின்னரே, வெட்டு முறையே முதன்மைக் காரணம் எனத் தெளிவாயிற்று. அதன்பின் வனத்துறையும் அந்நிறுவனமும் ஊர் மக்களும் இணைந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழி செய்து, கன்றுகளை நட்டனர். காடு மீண்டது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, கடலோரத்தில் காப்பின்றிக் கிடந்த எம்.ஜி.ஆர். திட்டும் சின்னவாய்க்காலும் சிதைந்தன. காட்டிற்குப் பின்னிருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. கடலிலிருந்து இருந்த தொலைவும் நிலத்தின் மேடும் துணைசெய்தன என வாதிடும் அறிஞரும் உளர், அதுவும் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் அவ்வூரார் அந்த மரங்களைப் பார்க்கும் பார்வை அன்றோடு மாறிற்று. 2022-இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இக்கால்வாய்களில் இருளர் குடியினர் மார்பளவு நீரில் இறங்கி, வலையின்றிக் கைகளாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கின்றனர். பிடித்ததை இடும் ஓலைக்கூடையைப் பற்களால் கவ்வியிருப்பர். இரு கைகளும் நீருள் இருக்க வேண்டுமன்றோ! சுற்றுலாப் படகுகள் அவர்களைக் கடந்தே செல்கின்றன.